மாற்றுப் பள்ளியில் சேர்க்கும் முன்

எங்கள் மகள் வால்டார்ஃப் முறைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். 'எங்கள் பிள்ளைக்கு ஒத்துவருமா?' என்று கேட்டு வரும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வகுப்பாசிரியரைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

ருடால்ஃப் ஸ்டைனர் 1919-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த முறை இது. முதல் வகுப்பில் ஏற்கும் பிள்ளைகளை அதே ஆசிரியர் எட்டாம் வகுப்புவரை அழைத்துச் செல்வது இதன் மரபு. நல்லவர் அமைந்தால் பெரும் பேறு. ஒத்துப்போகாவிட்டால், அடுத்த ஆண்டு வேறு மிஸ் வருவார் என்ற ஆறுதல் கிடையாது. அதனால் அவருடைய பயிற்சி என்ன, ஆசிரியர்கள் பாதியில் விலகுவது உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். விழா நாளில் போகாமல் சாதாரண வேலைநாளில் போய், வகுப்பில் சற்று உட்கார அனுமதி கேளுங்கள்.

அடுத்தது உங்கள் வீடு. இந்த முறைப் பள்ளிகளில் முறையாக எழுத்தறிமுகம் தொடங்குவதே ஏழு வயதையொட்டித்தான். "என்னம்மா, யு.கே.ஜி. முடிக்கப் போறா, இன்னும் 'அ' கூட எழுதத் தெரியலையே" என்று என் மாமியார் கவலைப்பட்டார். அந்தக் கவலை நியாயமானது. எதிர்வீட்டுக் குழந்தை கதைப் புத்தகம் வாசிக்கும்போது அமைதியாக இருக்க அப்பா, அம்மா இருவராலும் முடிய வேண்டும். ஒருவர் பள்ளியை நம்பி, மற்றவர் ரகசியமாக டியூஷன் வைத்தால் பிள்ளைதான் தவிக்கும். டிவி, செல்போனைக் குறைக்கச் சொல்வார்கள். அதற்கும் வீடு தயாராக வேண்டும். மாற்றுப் பள்ளிகள் எல்லாம் ஒன்றல்ல. மாண்டிசோரியில் நான்கு வயதிலேயே உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவிப் பழகுவார்கள். உங்களுக்கு அது பொருந்தலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'தானாக வரும், காத்திருங்கள்' என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரி. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு பொன்னான காலத்தைத் தின்றுவிடும். குடும்பத்தில் யாருக்காவது வாசிப்புச் சிக்கல் இருந்திருந்தால் சேர்க்கும்போதே சொல்லுங்கள். எந்த வயதில், எப்படிக் கண்டறிவீர்கள், யாரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத பள்ளி எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் சேர்க்க மாட்டேன்.

ஸ்டைனரின் ஆன்மிகக் கொள்கையில் மறுபிறவி நம்பிக்கையும் உண்டு. அது வகுப்பறைக்குள் எவ்வளவு வருகிறது என்றும் விசாரியுங்கள். பத்தாம் வகுப்புக்கு எந்த வாரியம், இடையில் வேறு பள்ளிக்கு மாறினால் பாடத்தில் எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் கட்டுமுன், அங்கே ஏழாம், எட்டாம் வகுப்பில் பிள்ளை படிக்கும் பெற்றோர் இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள். சின்ன வகுப்புப் பெற்றோர் தொடக்கத்தை மட்டுமே பார்த்திருப்பார்கள்.