பீன்யாவில் பிரஷர் சென்சார் வேலை

ஓசூர், தருமபுரி பக்கமிருந்து இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோவோடு பெங்களூருக்கு வருகிறவர்கள் முதலில் தட்டுவது ஐ.டி. கம்பெனிக் கதவுகளை. பீன்யா பக்கமும் ஒருமுறை போய்ப் பாருங்கள். 1975-இல் விண்ணுக்குப் போன ஆரியபட்டா செயற்கைக்கோளை உருவாக்கியது இந்தத் தொழிற்பேட்டையின் ஷெட்களில்தான். இங்கே கம்ப்ரஸர், பம்ப், ஹைட்ராலிக் பிரஸ் என்று எது ஓடினாலும், அதன் அழுத்தத்தைச் சொல்லக் கைக்குள் அடங்கும் ஒரு டிரான்ஸ்மிட்டர் தேவைப்படும். அதைத் தேர்ந்தெடுக்கவும் மாட்டவும் சரிபார்க்கவும் தெரிந்த ஆள் எப்போதும் வேண்டியிருக்கிறது.

முதலில் 4–20 மில்லி ஆம்ப் கணக்கு மனப்பாடமாகட்டும். 0–10 பார் டிரான்ஸ்மிட்டர் என்றால் அழுத்தம் இல்லாதபோது 4, முழு அழுத்தத்தில் 20, ஐந்து பாரில் 12. மீட்டர் பூஜ்யம் காட்டினால் லைனில் அழுத்தம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வயர் அறுந்திருக்கும், அல்லது சப்ளை வந்திருக்காது.

அடுத்தது, புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1.01 பார், இங்கே 0.91 பார்தான். ஆப்சொல்யூட் சென்சாரை மேசையில் திறந்து வைத்தால் 0.91 காட்டும். அது பழுதல்ல, சரியான அளவு. சீல்டு கேஜ் வகையில் சிக்கல் வேறு. கடல் மட்டக் காற்றழுத்தத்தை உள்ளே அடைத்து மூடியிருந்தால், இங்கே திறந்தவெளியில் 0.1 பார் குறைத்துக் காட்டும். 0–10 பார் ரேஞ்சில் 4 இருக்க வேண்டிய இடத்தில் 3.84. நூறு பார் லைனில் இது யார் கண்ணிலும் படாது. ஒரு பார் லைனில் பத்து சதவீதத் தவறு. ஆகவே ஜீரோவைத் திருகுவதற்கு முன் லேபிளைப் படியுங்கள். காற்றுத் துளை உள்ள சாதாரண கேஜ் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, துளையைப் பெயின்ட் அடித்து அடைக்காதவரை.

உள்ளே ஓடுவது என்ன என்று கேட்காமல் எந்த சென்சாரையும் மாட்டக் கூடாது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆக்சிஜன் லைனில் எண்ணெய்ப் பசை இருந்தால் தீப்பற்றும். எண்ணெய் டெட் வெயிட் டெஸ்டரில் காலிபரேட் செய்த சென்சாரை அங்கே கொண்டுபோகவே கூடாது. அமோனியாவுக்குப் பித்தளை ஆகாது, வெடிப்பு விடும். நீராவி என்றால் சைஃபன் குழாய் வைத்து, அதில் தண்ணீர் நிற்க வேண்டும். மரைகளிலும் கவனம்: அரை இஞ்ச் பி.எஸ்.பி., என்.பி.டி. இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரை. இரண்டு சுற்று நன்றாக ஏறும். கோணம் வேறு என்பதால் பிறகு ஒழுகும்.

காலிபரேஷன் லேப் வேலைக்குப் போவதானால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள இடமாகப் பாருங்கள். அளவு எடுப்பதோடு, அதன் பிழை வரம்பைக் கணக்கிடும் பழக்கமும் அங்கே வரும். டிப்ளமோ முடித்தவர்கள் நாட்ஸ் திட்டத்தில் ஓராண்டு அப்ரன்டிஸாகச் சேரலாம், உதவித்தொகை உண்டு. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. கர்நாடகக் கம்பெனிகளும் அதன் கீழ்தான் வருகின்றன.

இன்டர்வியூவில் “இந்த லைனுக்கு எந்த சென்சார் போடுவாய்?” என்று கேட்டால் உடனே மாடல் பெயர் சொல்லாதீர்கள். என்ன திரவம் அல்லது வாயு, எவ்வளவு சூடு, கேஜா ஆப்சொல்யூட்டா, பம்ப் நிற்கும்போது அழுத்தம் எவ்வளவு துள்ளும் என்று நீங்கள் முதலில் கேளுங்கள்.