கதவைத் திறந்தால் தெரியும் எண்

டல்லாஸுக்கு வெளியே ஒரு யார்டில் எங்கள் கேம்பிங் டிரெய்லரை நிறுத்தி வைத்திருப்போம். கொலராடோ கிளம்பும் நாளன்று அதை டிரக்கில் மாட்டி முடித்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தார். டிரக்கின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேலே தூக்கியிருந்தது.

"ஏம்ப்பா, முன்பாரமா இருக்கே. மாட்டுக் கழுத்து தாங்குமா?" என்றார்.

வாலிபத்தில் நெல் மூட்டை ஏற்றி வண்டி ஓட்டியவர். அன்று நான் அதைக் காதில் வாங்கவில்லை. என் கையில் விற்பனையாளர் கொடுத்த தாள் இருந்தது. அந்த டிரக் 16,800 பவுண்டு இழுக்கும் என்று அதில் போட்டிருந்தது. டிரெய்லரின் உச்ச எடையே 14,000 பவுண்டுதான், சுமார் 6,350 கிலோ. தாராளமாகப் போதும் என்றுதான் நினைத்தேன்.

அப்பா சொன்னதுதான் சரி. சாதாரண டிரெய்லரை டிரக்கின் வாலில் மாட்டுவோம். அதன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் டிரக்கின் மேல் விழும். எங்களுடைய ஃபிஃப்த் வீல் டிரெய்லர் அப்படியல்ல. அதன் கழுத்திலிருந்து தொங்கும் கிங் பின், டிரக்கின் தொட்டிக்குள் பின் ஆக்சிலுக்கு நேர்மேலே பூட்டியிருக்கும் ஹிட்ச்சில் வந்து உட்காரும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை டிரக்கின் முதுகில் ஏறிவிடும். ஆக, டிரக் இழுத்தால் மட்டும் போதாது, சுமக்கவும் வேண்டும். விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது இழுக்கும் எண். சுமக்கும் எண் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று ஒரே வரி. என் முக்கால் டன் டீசல் டிரக்கில் அது 2,312.

287-ஆம் நெடுஞ்சாலையில் அமரில்லோ நோக்கிப் போனோம். எஞ்சின் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஆளை ஏமாற்றுவது இதுதான். இன்றைய டீசல் எஞ்சினுக்கு இழுப்பது ஒரு பொருட்டே இல்லை, அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். இருட்டியதும் எதிரே வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் விளக்கை அடித்துக் காட்டினார்கள். நான் ஹை பீம் போடவில்லை. மூக்கு தூக்கியிருந்ததால் என் விளக்கு அவர்கள் கண்ணில் அடித்திருக்கிறது. ஸ்டீயரிங்கும் லேசாக, பிடிமானமில்லாமல் இருந்தது. பின்பக்கம் அளவுக்கு மேல் அமுங்கியதன் அடையாளம் அது. அப்போதுதான் எனக்கு பயம் வந்தது. பின் சீட்டில் பையனும் அப்பாவும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அமரில்லோவில் லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஏற்றினேன். பெரிய லாரிகளுக்கானது என்று தயங்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். மூன்று தனித்தனி மேடைகள் இருக்கும். டிரக்கின் முன் சக்கரம் முதல் மேடையிலும், பின் சக்கரம் இரண்டாவதிலும், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்க வேண்டும். ஆட்கள் எல்லோரும் உள்ளேயே இருக்க வேண்டும், டீசல் டாங்க் நிரம்பியிருக்க வேண்டும். பிறகு டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு டிரக்கை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும். பலர் இந்த இரண்டாவது எடையைப் போடாமல் போய்விடுகிறார்கள். அது இல்லாவிட்டால் முதுகில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரியவே தெரியாது. 24 மணி நேரத்துக்குள் போட்டால் அதற்குக் கட்டணமும் குறைவு.

எனக்கு வந்த சீட்டுகள்: டிரெய்லரோடு முன் ஆக்சில் 4,860, பின் ஆக்சில் 6,720, டிரெய்லர் ஆக்சில்கள் 10,180. டிரக் மட்டும் 8,680. முதல் இரண்டு எண்களைக் கூட்டினால் 11,580. அதில் 8,680 போனால் 2,900. அதுதான் கிங் பின் எடை. ஸ்டிக்கர் அனுமதித்த மொத்தச் சுமையே 2,312. நாங்கள் நான்கு பேர், ஹிட்ச், கருவிப் பெட்டி, ஜெனரேட்டர் என்று ஏற்கெனவே கிட்டத்தட்ட ஆயிரம் ஏறியிருந்தது. டிரக்கின் உச்ச எடை 10,000. நான் 1,580 பவுண்டு தாண்டி ஓட்டி வந்திருக்கிறேன். பின் ஆக்சிலும் அதன் வரம்பைத் தாண்டியிருந்தது.

டிரெய்லரின் மொத்த எடை 13,080. அதாவது இழுக்கும் கணக்கில் விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை. சுமக்கும் கணக்கை அவர் எடுக்கவே இல்லை, நானும் கேட்கவில்லை. டிரெய்லர் கையேட்டில் கிங் பின் எடை 2,050 என்று இருந்தது. அது தண்ணீர், சாமான் எதுவும் இல்லாத வெற்று வண்டிக்கான எண். அதை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. டிரெய்லரின் உச்ச எடையை எடுத்து, அதில் 25 சதவீதம் கிங் பின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது 3,500. ஹிட்ச் 170, ஆட்கள் 540, தொட்டியில் போடும் சாமான் 300. ஆக 4,510. ஸ்டிக்கரில் இதற்கு மேல் இருந்தால்தான் அந்த டிரக் உங்களுடையது.

அந்தப் பயணத்தில் மலை ஏறவில்லை. அறுபது கேலன் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஒரு கேலன் 8.3 பவுண்டு, ஐந்நூறு பவுண்டு இறங்கியது. நாலு நாள் அமரில்லோ முகாமிலேயே தங்கிவிட்டு மெதுவாக வீடு திரும்பினோம். பையனுக்குத்தான் ஏமாற்றம். அவனிடம் அந்தச் சீட்டுகளைக் காட்டிக் கழித்துப் பார்க்கச் சொன்னேன், புரிந்துகொண்டான்.

முகாமில் பக்கத்து இடத்துக்காரர் பின்பக்கம் ஏர் பேக் போட்டால் போதும் என்றார். நல்ல மனிதர், ஆனால் அது சரியான யோசனை இல்லை. ஏர் பேக் டிரக்கை நிமிர்த்தும், விளக்கு நேராகும். ஆக்சில், டயர், பிரேக் எல்லாம் பழையபடியேதான் இருக்கும். ஸ்டிக்கரின் எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. அமுங்குவது கண்ணுக்குத் தெரியாமல் போவதால் இன்னும் ஆபத்து என்றே சொல்வேன்.

மறு வருஷம் டிரக்கை மாற்றினேன். இந்தத் தடவை விற்பனைத் தாளைத் தொடவில்லை. லாட்டில் நின்ற ஒவ்வொரு வண்டியின் கதவையும் திறந்து ஸ்டிக்கரைப் படம் எடுத்தேன். ஒரே மாடல், ஒரே வருஷம், ஆனால் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான பவுண்டு வித்தியாசம். டீசல் எஞ்சின் கனமானது, அதனால் அதே மாடல் பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாகவே சுமக்கும். நாலு சக்கர இழுவை, கண்ணாடிக் கூரை எல்லாமே சுமக்கும் எடையில்தான் கை வைக்கும். பின்னால் இரட்டைச் சக்கரம் இல்லாத ஒரு டன் டிரக்குகள் பெரும்பாலும் 4,000 சுற்றியே நின்றுவிட்டன. கடைசியில் நாலு டயர் பின்னால் ஓடும் டுவலிதான் கணக்குக்கு வந்தது, ஸ்டிக்கரில் 5,400. பார்க்கிங் கிடைப்பது சிரமம்தான். மனைவிக்கு அதை ஓட்டப் பிடிக்கவில்லை. இருந்தும் வேறு வழியில்லை. டிரெய்லரை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற டிரக்கைப் பிறகு வாங்கியிருந்தால் இரண்டு முறை செலவழித்திருக்க வேண்டாம்.

டெக்சாஸில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து உச்ச எடை 26,000 பவுண்டைத் தாண்டினால், தொழில்முறை அல்லாத ஏ வகுப்பு லைசென்ஸ் வேண்டும். எங்களுடையது 28,000. எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு.

அதற்கப்புறம் கொலராடோ போனோம். ஐ-70-இல் ஐசன்ஹோவர் சுரங்கத்தின் மேற்கு வாயில் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சில்வர்தோர்ன் வரை ஒரே இறக்கம், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க வழியில் சரளைக்கல் சரிவுகள் வைத்திருக்கிறார்கள். உச்சியிலேயே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினேன். கீழே போய் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். லேசான சூடு, கருகல் வாடை இல்லை.

ஒவ்வொரு வருஷமும் முதல் பயணத்தில் எடை போட்டு, சீட்டைச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைக்கிறேன். இந்த வருஷம் கிங் பின் எடை 3,040. போன வருஷத்தைவிட 140 கூடியிருந்தது. டிரெய்லரின் முன்பக்க அறையைத் திறந்து பார்த்தால் வெட் கிரைண்டர், இரும்புத் தோசைக்கல் இரண்டு, 20 பவுண்டு அரிசி மூட்டை நான்கு. கிரைண்டரையும் இரண்டு மூட்டையையும் தூக்கி ஆக்சிலுக்கு நேர்மேலே உள்ள அலமாரிக்கு மாற்றினேன், மீதியை வீட்டில் இறக்கி வைத்தேன்.