அரிசி மணியளவுச் சுரப்பிகள்

பின்வரும் கட்டுரையை வாசித்துப் புரிந்துகொள்க.

"வயதாகிவிட்டது, உடம்பு வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. உடற்சோர்வு, எலும்பு வலி, மறதி, மலச்சிக்கல், தீராத தாகம் ஆகியவற்றை முதுமையின் இயல்பாகவே பலர் ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால், சிலருக்கு இத்தொல்லைகள் அனைத்திற்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும். கழுத்தில் மறைந்திருக்கும் மிகச் சிறிய சுரப்பி ஒன்று அளவுக்கு மீறி வேலை செய்வதே அக்காரணம்.

கழுத்தின் முன்பகுதியில் தைராய்டு சுரப்பி உள்ளது. அதன் பின்புறத்தில், பெரும்பாலோருக்கு நான்கு சிறிய சுரப்பிகள் உள்ளன. இவை பாராதைராய்டு சுரப்பிகள் எனப்படும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அரிசி மணியளவே இருக்கும். பெயர் ஒத்திருந்தாலும் இவற்றின் பணி தைராய்டின் பணியிலிருந்து வேறுபட்டது. இரத்தத்தில் கால்சியம் எனும் சுண்ணாம்புச் சத்தின் அளவைச் சீராக வைத்திருப்பதே இவற்றின் கடமை. 'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்னும் பழமொழி இச்சுரப்பிகளுக்கு நன்கு பொருந்தும்.

உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்புகளிலும் பற்களிலும் உள்ளது. எஞ்சிய சிறு பகுதியே இதயத் துடிப்புக்கும் தசைகளின் அசைவுக்கும் நரம்புகளின் செயலுக்கும் உதவுகிறது. எலும்பைச் சேமிப்புக் கணக்கு என்றும் இரத்தத்தைக் கைச்செலவுப் பணப்பை என்றும் கொள்ளலாம். பணப்பையில் கால்சியம் குறைந்தால், பாராதைராய்டு சுரப்பிகள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கிறது; சிறுநீரில் கால்சியம் வீணாவதைக் குறைக்கிறது; வைட்டமின் டி சத்தைச் செயற்படுத்தி, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் கூடுதலாக ஏற்கச் செய்கிறது. கால்சியம் போதுமான அளவை எட்டியதும் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு சுரப்பி இக்கட்டுப்பாட்டை மீறினால் எலும்பின் சேமிப்பு கரையத் தொடங்கும். பெரும்பாலும் நான்கில் ஒரு சுரப்பியில் தோன்றும், புற்றுநோய் அல்லாத சிறு கட்டியே இதற்குக் காரணமாகும். ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடையே இது கூடுதலாகக் காணப்படுகிறது. எலும்பு வலுவிழந்து எளிதில் முறியலாம். சிறுநீரகத்தில் கல் உருவாகலாம். தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் நீரிழிவு நோய்க்கும் உரிய அறிகுறிகள் என்பதால், உண்மைக் காரணம் மறைந்துபோவதும் உண்டு.

இந்நோயைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. லண்டன் விலங்கியல் பூங்காவில் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றின் உடலை ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன், 1850ஆம் ஆண்டில் இச்சுரப்பியைப் பற்றி முதலில் விவரித்தார். மனித உடலில் இது இருப்பதை 1880ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டைச் சேர்ந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம் எடுத்துரைத்தார். 1925ஆம் ஆண்டில், வியன்னா நகரில் எலும்புகள் நலிந்து துன்புற்ற டிராம் வண்டி ஊழியர் ஒருவருக்கு பீலிக்ஸ் மண்டல் எனும் அறுவை மருத்துவர் சிகிச்சையளித்தார். அந்நோயாளிக்குச் சுரப்பி போதவில்லை என்றெண்ணி, முதலில் வேறொருவரின் சுரப்பி பொருத்தப்பட்டது. பயனில்லை. பின்னர், வீங்கியிருந்த சுரப்பியை அகற்றியதும் அவர் உடல்நலம் தேறத் தொடங்கியது. எலும்பைக் கெடுத்தது சுரப்பியின் குறைவன்று, மிகுதியே என்பது அப்போது தெளிவாயிற்று.

இன்று இதனைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை உதவுகிறது. இரத்தத்தில் கால்சியம் உயர்ந்தால் பாராதைராய்டு ஹார்மோன் குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால், சுரப்பி கட்டுப்பாட்டை இழந்துள்ளது என மருத்துவர் ஐயுறுவார். பாதிப்பு குறைவாக இருப்பின் கண்காணிப்பு போதுமானது; மிகுந்திருப்பின் அறுவைச் சிகிச்சை தேவை. இந்த ஹார்மோன் சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் பாதியாகக் குறையும் தன்மையுடையது. எனவே, கட்டியை அகற்றிய பத்து நிமிடங்களில் மீண்டும் இரத்தத்தைச் சோதித்து, சரியான சுரப்பியே நீக்கப்பட்டதா என்பதை அறுவைக் கூடத்திலேயே உறுதிப்படுத்தலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பல குடும்பங்கள் எதிர்கொள்வது இந்நோயின் மற்றொரு வகையாகும். மலேசியாவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு நீரிழிவே முதன்மைக் காரணமாகும். 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. சிறுநீரகம் பழுதானால் பாஸ்பரஸ் சத்து உடலில் தேங்கும், வைட்டமின் டி செயற்படாது, கால்சியம் குறையும். அதை ஈடுகட்டப் பாராதைராய்டு சுரப்பிகள் ஓய்வின்றி உழைத்து வீங்குகின்றன. இங்குக் குற்றம் சுரப்பியுடையதன்று. சிறுநீரகத்தின் பாதிப்பே அதை விரட்டுகிறது.

கடைவீடுகளில் இயங்கும் இரத்தச் சுத்திகரிப்பு மையங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் சென்று, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் படுத்திருக்கும் நோயாளிகளை நம்மிடையே காண்கிறோம். சுத்திகரிப்பு மட்டுமே பாஸ்பரஸை முழுமையாக நீக்கிவிடாது. ஆகவே, உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிணைத்து வெளியேற்றும் மாத்திரைகள் அவர்களுக்குத் தரப்படுகின்றன. அவற்றை உணவோடு சேர்த்து உட்கொண்டால்தான் பயன் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் கடையில் நண்பர்களோடு உண்ணச் செல்லும்போது மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டு, இரவில் விழுங்கினால் அது தன் வேலையைச் செய்யாது. கோலா பானம், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றோடு, நாசி லெமாக்கில் இடம்பெறும் நெத்திலியும் நிலக்கடலையும் பாஸ்பரஸ் மிகுந்தவை. இவற்றை எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டறிய வேண்டும்.

இரு வகையினரும் தவிர்க்க வேண்டிய பிழை ஒன்றுண்டு. எலும்பு வலிக்கிறது என்று தாமாகவே கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை வாங்கி விழுங்குதல் கூடாது. முதல் வகையினருக்கு அது கால்சியத்தை மேலும் உயர்த்தக்கூடும். அதே வேளையில், அச்சத்தால் பாலையும் கீரையையும் அடியோடு ஒதுக்குவதும் சரியன்று. உணவில் கால்சியம் குறைந்தால் சுரப்பி மேலும் தூண்டப்படலாம். சிறுநீரக நோயாளிக்கோ நீரும் பாலும்கூட அளவோடுதான். ஒருவருக்கு ஏற்ற அறிவுரை மற்றவருக்குத் தீங்காகலாம்.

தாத்தா பாட்டியைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வதும் மருந்துறையில் எழுதப்பட்டுள்ளதை வாசித்துக் காட்டுவதும் பல வீடுகளில் மாணவர்களின் பணியாக உள்ளது. அவர்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், கடையில் வாங்கிய சத்து மாத்திரைகள் உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். "கால்சியம் அளவைச் சோதித்தாகிவிட்டதா, டாக்டர்?" என்று பணிவுடன் கேட்கலாம். 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்கப்பட்ட வலிக்கு மருந்து உண்டா என்பதை அந்தக் கேள்வி வெளிக்கொணரக்கூடும்.

கீழ்க்காணும் வினாக்களுக்கு விடையெழுதுக.

1. எலும்பு ஏன் சேமிப்புக் கணக்கிற்கு ஒப்பிடப்பட்டுள்ளது?
2. வியன்னா நகர நோயாளிக்கு அளிக்கப்பட்ட முதல் சிகிச்சை ஏன் பயனளிக்கவில்லை?
3. பாராதைராய்டு மிகைச் சுரப்பின் இரு வகைகளையும் ஒப்பிட்டு எழுதுக.
4. 'ஒருவருக்கு ஏற்ற அறிவுரை மற்றவருக்குத் தீங்காகலாம்.' இக்கூற்றைக் கட்டுரையிலுள்ள சான்றுகளுடன் குழுவில் கலந்துரையாடுக.