வீட்டு கேஸ் வேறு, கார் கேஸ் வேறு

அத்திபெலே கர்நாடக எல்லையில் உள்ள ஊர். ஓசூருக்குப் பக்கம். அங்கே ஒருவர் பழைய பெட்ரோல் கார் வாங்கினார். பெட்ரோல் செலவு கட்டுபடியாகவில்லை.

“சமையல் சிலிண்டரை டிக்கியில் வைத்து ஓட்டலாமா?” என்று யோசித்தார்.

“வேண்டாங்க. முதலில் மெக்கானிக் அண்ணனைக் கேளுங்க” என்றார் அவர் மனைவி.

மெக்கானிக் சொன்னார்:

“காரை கேஸில் ஓட்டலாம், தம்பி. 2001-இல் வந்த அரசு ஆணை அதற்கு விதிகள் வகுத்தது. ஆனால் சமையல் சிலிண்டரை வைப்பது குற்றம். உயிருக்கும் ஆபத்து.

காருக்குத் தனி டேங்க் உண்டு. அதை அசையாமல் பொருத்துவார்கள். 100 பங்கில் 80 பங்கு நிரம்பியதும் கேஸ் ஏறுவது தானாக நின்றுவிடும். ஏன் தெரியுமா? வெயிலில் உள்ளே இருக்கும் கேஸ் விரியும். அதற்கு இடம் வேண்டும்.

கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். சிறு தீப்பொறி போதும், பற்றிக்கொள்ளும்.”

“அப்படியானால் என்ன செய்வது, அண்ணே?”

“முதலில் இன்ஜின் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஒப்புதல் பெற்ற கிட்டை வாங்குங்கள். அனுமதி பெற்ற பட்டறையில் பொருத்துங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதியுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். வண்டி கேஸ் விற்கும் பங்கில் மட்டும் நிரப்புங்கள்.

கேஸ் வாடை வந்தால் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள். எல்லோரும் இறங்கி விலகி நில்லுங்கள். தீக்குச்சி உரசாதீர்கள்.”

சிலிண்டர் அடுப்படியிலேயே இருந்தது. அவர் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

படித்தோம், பேசுவோம்:
1. டேங்கை ஏன் முழுவதும் நிரப்பக் கூடாது?
2. காரில் கேஸ் வாடை வந்தால் என்ன செய்வீர்கள்?