36 படத்தில் ஒரு டவுன்



இப்போ எல்லார் வீட்டிலும் செல்போன் இருக்கு. நினைச்சா நூறு படம் எடுக்கலாம், பிடிக்கலைன்னா அழிக்கலாம். ஆனால் பழைய கேமராவில் கலர் பிலிம் போட்டு, டவுன் தெருக்களைப் படம் எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது எப்படி, எதுக்கு என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கலர் பிலிம் என்றால் என்ன?

சாதாரண பிலிமின் அகலம் 35 மி.மீ. அதில் ஒரு படத்தின் அளவு 24 மி.மீ. x 36 மி.மீ. பெரிய ரோலில் 36 படம் வரும். விலை குறைந்த கலர் பிலிம் என்று பேர் வாங்கியது கோடக் கலர்பிளஸ் 200. இதில் 200 என்பது ஒளியை உணரும் வேகம்.

பிலிமின் மேல் மெல்லிய பூச்சு இருக்கும். அதில் வெள்ளி உப்பு கலந்திருக்கும். நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று மூணு அடுக்கு. வெளிச்சம் பட்ட இடத்தில் உப்பு மாறும். 38 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள மருந்துக் கரைசலில் 3 நிமிடம் 15 வினாடி கழுவினால், அந்த இடங்களில் சாயம் உண்டாகும். பிறகு வெள்ளியை வேறு கரைசலால் நீக்கிவிடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது சாயம் மட்டும்தான். கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளியே படமாக நிற்கும்.

நெகட்டிவ்வில் நிறம் தலைகீழாக இருக்கும். சிவப்புச் சேலை நீலப்பச்சையாகத் தெரியும். அதோடு பிலிம் முழுக்க ஓர் ஆரஞ்சு நிறம் படர்ந்திருக்கும். பிரிண்ட் போட்டால்தான் சரியான நிறம் வரும்.

நம் தமிழ்நாட்டிலும் பிலிம் செய்தார்கள் தெரியுமா? உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960ல் தொடங்கப்பட்டது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் வந்தது. இப்போது அதை மூடிவிட்டார்கள்.

பேட்டரி இல்லாத கேமரா

ஒலிம்பஸ் டிரிப் 35 என்ற ஜப்பான் கேமரா 1967ல் வந்தது. 1984 வரை செய்தார்கள். அதன் லென்சைச் சுற்றி செலினியம் செல் இருக்கும். வெளிச்சம் பட்டால் அதில் மின்சாரம் உண்டாகும். சோலார் விளக்கு மாதிரிதான். அந்த மின்சாரத்தில் உள்ளே ஒரு முள் நகரும். அதை வைத்து கேமராவே 1/40 வினாடியா, 1/200 வினாடியா என்று முடிவு செய்யும். வெளிச்சம் பத்தாவிட்டால் பார்க்கிற கண்ணாடியில் ஒரு சிவப்புக் கொடி எழும்பும், பட்டன் அமுங்காது. "இப்போ எடுக்காதே, பிலிம் வீணாகும்" என்று சொல்வது போல!

தானாக அளக்காத கேமரா என்றால் இந்தக் கணக்கை மனப்பாடம் செய்துக்கணும். 200 பிலிமுக்கு வேகம் 1/250 வைத்து,
நல்ல வெயில் – துளை எண் 16
மெல்லிய மேகம் – 11
மேகம் – 8
மூட்டம் – 5.6
நிழல் – 4
எண் குறையக் குறைய துளை பெரிதாகும் என்பதை மறக்காதீங்க.

தன் தெருவையே எடுத்தவர்

சால் லைட்டர் என்பவர் 1923ல் அமெரிக்காவில் பிறந்தவர். 1946ல் நியூயார்க் போனார். ஓவியம் வரைபவர். காலாவதியான கலர் பிலிமை மலிவாக வாங்கி, தான் குடியிருந்த பகுதியின் தெருக்களையே எடுத்தார். குடை, பனி, ஆவி படிந்த கடைக் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு மனிதர். அவ்வளவுதான். அந்தக் கலர் படங்கள் புத்தகமாக வந்தது 2006ல். அப்போது அவருக்கு 80 வயதுக்கு மேல். 2013ல் காலமானார்.

நம் நாட்டில் ரகுபீர் சிங் (1942–1999) இந்தியத் தெருக்களைக் கலரில் எடுத்தார். அம்பாசிடர் காரை வைத்து அவர் எடுத்த படங்கள் 2002ல் புத்தகமாயின. அந்தக் கார் தயாரிப்பு 2014ல் நின்றுபோனது. படத்தில் அது இன்னும் ஓடுது.

எதுக்கு இந்த வேலை?

எங்க வீட்டில் மூணு கல்யாண ஆல்பம் இருக்கு. எங்க அப்பத்தா முப்பது வருஷம் டவுன் மார்க்கெட்டில் வெத்தலை விற்றவங்க. கூடையோடு அங்க உட்கார்ந்திருக்கிற படம் ஒண்ணுகூட இல்லை. ஆல்பத்தில் பட்டுச்சேலை கட்டி, கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாமல் நிற்கிறாங்க. அது அவங்க மாதிரியே இல்லை. "வெத்தலை விக்கிறதையா படம் புடிப்பாங்க? பிலிம் என்ன விலை!" என்று அப்பத்தா சிரிக்கிறாங்க.

அது நியாயம்தான். விலை அதிகம் என்பதால் விசேஷத்துக்கு மட்டும் பிலிமைச் செலவு செய்தார்கள். அதனால் விசேஷம் மட்டும் மிஞ்சியது. வாடகை சைக்கிள் கடை, எஸ்.டி.டி. பூத், பஸ் ஸ்டாண்டில் முறுக்குத் தட்டு தூக்கியவர் எல்லாம் தினமும் இருந்ததால், யாரும் எடுக்கவில்லை. தினமும் இருப்பதுதான் சத்தமில்லாமல் காணாமல் போகுது.

கேமரா இல்லாதவர்களுக்கு

ஓர் அட்டையில் 6 செ.மீ. x 4 செ.மீ. அளவில் ஓட்டை வெட்டுங்கள். பிலிம் படத்தின் விகிதமும் இதேதான் (3:2). ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகத் தெருவைப் பாருங்கள். நோட்டில் 1 முதல் 36 வரை எண் போட்டு, எடுக்க நினைக்கும் படங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். போன சனிக்கிழமை நான் பஸ் ஸ்டாண்டில் செய்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 11தான் எழுத முடிந்தது. மஞ்சள் குடத்துக்குப் பின்னால் நீலக் கதவு ஒன்று. நாலு வருஷமாக அந்த வழியாகப் போகிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உண்மையான கேமரா கிடைத்தால், ஆட்களை எடுக்கும் முன் கேட்டுக்கொண்டு எடுங்கள். வீட்டில் பழைய நெகட்டிவ் இருந்தால் தூக்கி எறியாதீங்க. கலர் சாயம் சூட்டிலும் ஈரத்திலும் மங்கும். ஈரமில்லாத, சூடில்லாத இடத்தில் காகித உறையில் வையுங்கள்.

யோசிக்க

1. ஒரு படத்துக்கு 1/200 வினாடி என்றால், 36 படத்துக்கும் சேர்த்து எத்தனை வினாடி? (ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. போட்டுப் பாருங்க!)
2. நெகட்டிவ்வில் இலை எந்த நிறத்தில் தெரியும்?
3. உங்கள் வீட்டில், வேலை செய்துகொண்டிருக்கும் யாருடைய படமாவது இருக்கிறதா?

முதல் இரண்டுக்கும் விடையை எழுதி விடைப் பெட்டியில் போடவும். மூன்றாவதுக்கு விடை "இல்லை" என்றால், எழுத வேண்டாம். இன்றைக்குச் சாயங்காலம் செல்போனிலாவது ஒரு படம் எடுத்துடுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி