குருதி கூறும் குறிப்பு

காய்ச்சல் வந்தால் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் இன்று சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. ஆய்வுக்கூடம் தரும் தாளில் தடித்த எழுத்தில் ஓர் எண் தென்பட்டாலே வீடு கலங்கிப் போகிறது. அவ்வெண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதைக் கொரோனா நோயைக் கொண்டு மாணவர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

1930ஆம் ஆண்டு நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தநீரில் ஒரு பொருளைக் கண்டனர். நிமோனியாக் கிருமியின் 'சி' எனப்பட்ட சர்க்கரைப் பொருளுடன் சேர்ந்து அது வீழ்படிவை உண்டாக்கிற்று. எனவே சி-ரியாக்டிவ் புரதம், சுருக்கமாக சி.ஆர்.பி., என்று பெயர் பெற்றது. இதை உண்டாக்குவது கிருமி அன்று; நம் கல்லீரலே. உடலில் அழற்சி எழுந்ததும் இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப்பொருள் கல்லீரலை ஏவுகிறது. ஆகவே சி.ஆர்.பி. காட்டுவது வைரஸின் வலிமையை அன்று, உடலின் கொந்தளிப்பையே ஆகும். பாக்டீரியாத் தொற்றும் பெருங்காயமும்கூட அதை உயர்த்தும்.

அப்படியானால் ஆபத்தை எவ்வாறு கணிப்பது? 2020ஆம் ஆண்டு பிரிட்டனில், மருத்துவமனைகளில் சேர்ந்த பல்லாயிரம் கொரோனா நோயாளிகளைக் கொண்டு ஒரு மதிப்பெண் முறை வகுத்தனர். மொத்தம் 21. நம் தேர்வுகளைப் போலன்றி, இதில் குறைவாகப் பெற்றவரே பேறு பெற்றவர்! வயதுக்கு 7 வரை, ஆண் எனில் 1, வேறு நாட்பட்ட நோய்களுக்கு 2 வரை, மூச்சின் வேகத்துக்கு 2 வரை, ஆக்சிஜன் அளவு 92 விழுக்காட்டுக்குக் கீழ் எனில் 2, நினைவு தளர்ந்தால் 2, இரத்த யூரியாவுக்கு 3 வரை, சி.ஆர்.பி.க்கு 2 வரை. இரத்தம் தரும் மதிப்பெண் 5 மட்டுமே என்பதை நோக்குக.

ஓர் எடுத்துக்காட்டு. இருவருக்கும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 110 மில்லிகிராம் என்று கொள்வோம். ஒருவர் 45 வயதுப் பெண், வேறு நோயில்லை, மூச்சும் யூரியாவும் சீராக உள்ளன. அவர் பெறுவது 2. மற்றவர் சர்க்கரை நோயுள்ள 72 வயது ஆண், மூச்சு நிமிடத்திற்கு 32, ஆக்சிஜன் 89, நினைவும் யூரியாவும் சீராக உள்ளன. அவர் பெறுவது 14. முதல் வகுப்பினருள் (0 முதல் 3) இறந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர். இரண்டாம் வகுப்பினருள் (9 முதல் 14) நூற்றுக்கு 31 பேர். எண் ஒன்றே, நிலை வேறு. இவ்விழுக்காடுகள் தடுப்பூசி வராத காலத்தவை. இன்றைக்கு அப்படியே பொருத்தலாகாது. ஆனால் கணிக்கும் நெறி பொருந்தும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை 2020இல் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் ஆய்ந்தனர். செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றோரின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் ஏதுமில்லை. இருந்தும் 2021இல் நம் நாட்டில், மூச்சு நன்றாயிருந்த பலரும் ஸ்டீராய்டை உட்கொண்டனர். எங்கள் தெருவிலேயே ஒருவர் சி.ஆர்.பி. எண்ணுக்கு அஞ்சி, கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார். சர்க்கரை ஏறி ஒரு மாதம் துன்புற்றார். அவர் பிழைத்துக்கொண்டார். ஸ்டீராய்டின் தகாத பயன்பாடும் கட்டுக்கடங்காச் சர்க்கரையும் சேர்ந்து கருப்புப் பூஞ்சை நோய்க்கு வழிவகுத்தபோது, கண்ணிழந்தோரும் உயிரிழந்தோரும் உண்டு.

எனவே மாணவர்களே, இரத்தச் சோதனையைப் புறக்கணிக்க வேண்டா. அதை மருத்துவர் நோயாளியோடு சேர்த்துப் படிக்கட்டும். நீங்கள் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நோயுற்றவரின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஓய்வாக உள்ள பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அது 30ஐ எட்டினால், சோதனை முடிவுக்குக் காத்திராமல் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.