இருப்புப்பாதை கற்பிக்கும் பாடம்

சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் வண்டிகள் 1931-ஆம் ஆண்டு முதல் ஓடி வருகின்றன. தென்னிந்திய இரயில்வே நிறுவனத்தார் தொடங்கிய அவ்வண்டிகள் 1 மீட்டர் அகலப் பாதையில் ஓடின. 2004-ஆம் ஆண்டில் அப்பாதையில் ஓட்டம் நின்றது. இன்று அகலப்பாதையே உள்ளது. வண்டியும் பாதையும் மாறினும் இயக்கத்தின் விதிகள் மாறவில்லை. நாள்தோறும் அவ்வழியே செல்லும் மாணவன் கூர்ந்து நோக்குவானாயின், இயற்பியலின் முதற்பாடத்தை அங்கேயே கற்கலாம்.

தாம்பரத்தில் வண்டி ஏறிய மாணவன் ஒருவன், சானடோரியம், குரோம்பேட்டை ஆகிய நிலையங்களைக் கடந்து பல்லாவரத்தில் இறங்குகிறான் என்க. அவன் சென்ற தொலைவு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். மாலையில் அவன் தாம்பரம் மீள்கிறான். அன்று சென்ற தொலைவு 12 கிலோமீட்டர். ஆயினும் புறப்பட்ட இடத்தையே அடைந்தமையால் அவனது இடப்பெயர்ச்சி சுழியாகும். தொலைவிற்கு அளவு மட்டும் போதும். இடப்பெயர்ச்சிக்கோ அளவோடு திசையும் வேண்டும். முன்னையது எண்ணளவு, பின்னையது வெக்டர் எனப்படும் திசையளவு.

வேகத்திற்கும் திசைவேகத்திற்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. நேர்கோட்டில் திசைகள் இரண்டே. கடற்கரை நோக்கிய திசைக்குக் கூட்டற்குறியும், தாம்பரம் நோக்கிய திசைக்குக் கழித்தற்குறியும் இடுவோம். எதிரெதிரே வரும் இரு வண்டிகள் வினாடிக்கு 20 மீட்டர் வீதம் செல்லின், அவற்றின் வேகம் ஒன்றே. திசைவேகங்களோ +20, −20 என வேறுபடும். ஒரு வண்டியில் இருப்பவனுக்கு மற்றொரு வண்டி வினாடிக்கு 40 மீட்டர் வீதம் விரைந்து வருவதாகத் தோன்றும்.

நிலையத்தை விட்டு நீங்கும் வண்டியின் வேகம் சிறிது சிறிதாக மிகுகிறது. அடுத்த நிலையத்தை நெருங்குங்கால் குறைகிறது. திசைவேகம் ஒரு வினாடியில் மாறும் அளவே முடுக்கம் எனப்படும். வேகம் குறையுமிடத்து அஃது எதிர்முடுக்கமாகும். சீரான முடுக்கத்துடன் ஓய்விலிருந்து புறப்படும் பொருள் கடக்கும் தொலைவு, காலத்தின் வர்க்கத்திற்கேற்ப மிகும் என்பதை இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ, சாய்வுப் பலகையில் உருண்டைகளை உருட்டி ஆராய்ந்து கண்டார். அதனை 1638-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விளக்கினார்.

இவ்விதி ஏட்டுக் கணக்கிற்கு மட்டும் உரியதன்று; உயிரைக் காப்பதும் இதுவே. வண்டியொன்று வினாடிக்கு 20 மீட்டர், அஃதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. தடையை அழுத்தியதும் அதன் வேகம் வினாடிதோறும் 1 மீட்டர் குறைவதாகக் கொள்வோம். அது நிற்க 20 வினாடிகள் ஆகும். அக்காலத்தில் அதன் சராசரி வேகம் 10 மீட்டர். ஆகவே, அது 200 மீட்டர் ஓடிய பின்னரே நிற்கும். முதல் வேகம் பாதியாக இருப்பின் 50 மீட்டரே போதும். வேகம் இருமடங்காயின் நிற்கும் தொலைவு நான்மடங்காகிறது!

நடைமேம்பாலத்தின் படிகளை ஏறச் சோம்பி, தண்டவாளத்தைக் குறுக்கே கடக்க முனைவோர் இதனை எண்ணுவதில்லை. ஓட்டுநர் கண்டுவிட்டால் வண்டி நின்றுவிடும் எனக் கருதுகின்றனர். 100 மீட்டர் தொலைவில் ஒருவனைக் கண்ட ஓட்டுநர் அக்கணமே தடையை அழுத்தினும், மேற்கூறிய வண்டி அவனைக் கடந்தே நிற்கும். ஒரு வண்டி சென்றதும் பாதை வெறுமையாயிற்று எனக் காலை எடுத்து வைப்பதும் பிழை. அவ்வண்டி மறைத்த எதிர்த்திசை வண்டி மறுகணமே தோன்றக்கூடும். தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது 1989-ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டப்படி குற்றமுமாகும்.

மேம்பாலம் ஏறி இறங்குவோன் நடக்கும் தொலைவு மிகுதி. ஆனால் அவன் பெறும் இடப்பெயர்ச்சி, குறுக்கே கடப்போன் பெறுவதே. சில நிமிடங்கள் கூடுதலாயினும், இருவரும் சேர விரும்பும் இடம் ஒன்றே. அவ்விடத்தை உறுதியாகச் சேர்பவன் மேம்பாலம் ஏறியவனே. கற்ற கல்வி நடையில் விளங்குதல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.